வக்கா, குப்பே, தெ ரெஓ: வெலிங்டன் கடற்கரையில் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

நியூசிலாந்துக்கு வரும் உறவினர்களை வெலிங்டன் துறைமுகத்து ஓரமாக நடத்திக் கூட்டிப்போவது எங்கள் வீட்டில் என் வேலை. அம்மா, மாமனார், சென்னையிலிருந்து வரும் சித்தி பிள்ளைகள், யாழ்ப்பாணத்து நண்பரின் பெரியம்மா, எல்லாரையும் அழைத்துப் போயிருக்கிறேன். ஆள் மாறினாலும் கேள்வி மாறவில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன.

"முதல்ல இதைச் சொல்லு. மாவோரியா, மௌரியா, மயோரியா?"

மா-ஒ-ரி என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டினால் சரியாக வந்துவிடும். தமிழில் 'மாவோரி' என்று எழுதிப் பழகிவிட்டதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவர்களுடைய மொழியின் பெயர் தெ ரெஓ மாவோரி. 'ரெஓ' என்றால் மொழி, குரல் இரண்டும்தான். பேச்சுவழக்கில் 'தெ ரெஓ' என்றாலே போதும்.

"வக்கான்னா படகுதானே? அதுக்கு ஏன் இவ்வளவு மரியாதை?"

படகுதான். ஆற்றில் ஓட்டும் சின்ன ஓடமும் வக்கா, எண்பது பேர் துடுப்புப் போடும் போர்ப்படகும் (வக்கா தௌவா) வக்கா. இரண்டு உடல்களை இணைத்து நடுவே தளம் போட்டு, பாய் விரித்துப் பெருங்கடல் தாண்டும் கலத்துக்கு வக்கா ஹௌருவா என்று பெயர். கட்டுமரம் என்று நாம் சொன்னதை ஆங்கிலேயர் வாங்கி, இப்படி இரட்டை உடல் கொண்ட படகுகளுக்கெல்லாம் பெயராக வைத்துவிட்டார்கள். அதனால் தமிழர் யாராவது இதைப் பார்த்து "இது நம்ம கட்டுமரம் மாதிரி இல்லையே" என்று குழம்பினால் தப்பு அவர்கள்மேல் இல்லை.

மரியாதைக்குக் காரணம் வேறு. ஒரு மாவோரி தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது என் மலை இது, என் ஆறு இது, என் வக்கா இது என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் தன் பெயருக்கு வருவார். தைனுயி, தெ அரவா, மாதாத்துவா, தாகிதிமு என்று முன்னோர் வந்திறங்கிய கலங்களின் பெயர்கள் இன்றும் வம்சப் பெயர்களாக வாழ்கின்றன. நாம் ஊரையும் குலதெய்வத்தையும் சொல்லும் இடத்தில் அவர்கள் படகைச் சொல்கிறார்கள்.

"தண்ணி ஓரமா மூணு பேர் நிக்கிற வெண்கலச் சிலை யாரோடது?"

குப்பே, அவர் மனைவி தெ அப்பரங்கி, கூட வந்த தோஹுங்க (பூசாரியும் அறிஞருமானவர்) பெகஹௌரங்கி. பசிபிக் கடலில் ஹவைக்கி என்னும் மூதாதையர் நாட்டிலிருந்து வந்து இந்த நாட்டை முதலில் கண்டவர் குப்பே என்பது பல குலங்களின் மரபு. மீன் தூண்டிலில் இரையைத் திருடிக்கொண்டே இருந்த ஒரு ராட்சத ஆக்டோபஸைத் துரத்திக்கொண்டு பெருங்கடலையே கடந்து வந்தார், வடதீவுக்கும் தென்தீவுக்கும் நடுவிலுள்ள நீரிணையில் அதைக் கொன்றார் என்று கதை. சிலையிலிருந்து படகில் கொஞ்ச நேரம் போனால் அந்த நீரிணை வந்துவிடும்.

துறைமுகத்தில் தெரியும் இரண்டு தீவுகள் மாதியு, மாகரோ. குப்பே தன் பெண் பிள்ளைகளின் பெயரை வைத்தார் என்கிறார்கள். மகள்கள் என்று சிலர், உடன்பிறந்தவர்களின் மகள்கள் என்று சிலர். சிலையை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன். சிலைக்குப் பின்னால் இருக்கும் கடலையும் தீவையும் பெயரோடு சேர்த்துப் பார்த்தால்தான் படைப்பு முழுதாகக் கண்ணில் படும்.

"அந்தம்மா மேகத்தைப் பாத்து கத்தினதுலதான் நாட்டுப் பேரு வந்துச்சாமே? அது அயோத்தியா?"

முதல் பாதி சரி. நிலம் கண்ணுக்குத் தெரியும் முன்னே நிலத்தின் மேல் நிற்கும் மேகம் தெரியும். குப்பேயின் மனைவி அதைக் கண்டு "ஹெ அஒ! ஹெ அஒ!", அதாவது "மேகம்! மேகம்!" என்று கூவினார் என்றும், அதிலிருந்து ஆவோதெயரோவா, நீண்ட வெண்மேகத்தின் நாடு என்ற பெயர் வந்தது என்றும் சொல்வார்கள். சில மரபுகளில் அவர் பெயர் குராமாரோத்தினி. பெயர் மாறினாலும் கண்டுபிடித்தவர் ஒரு பெண் என்பது மாறவில்லை. எனக்கு அது பிடிக்கும்.

இரண்டாம் பாதி வாட்ஸாப்பில் வந்தது. ஆவோதெயரோவாவுக்கும் அயோத்திக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒலி ஒத்துப்போனால் உறவாகிவிடாது.

"எப்ப வந்தாங்க? 1350னு எங்கயோ படிச்சேனே?"

படித்திருப்பீர்கள். இந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளே பல தலைமுறைகள் அப்படித்தான் படித்தார்கள். பெர்சி ஸ்மித் என்ற நில அளவையாளர் பல குலங்களின் வம்சாவளிகளை வெட்டி ஒட்டி, 1350இல் ஏழு படகுகள் ஒரே கடற்படையாக வந்தன என்று நேர்த்தியாக ஒரு கதை கட்டினார். குலங்கள் சொல்லிவந்தது அப்படி இல்லை. வெவ்வேறு கலங்கள், வெவ்வேறு காலங்கள், வெவ்வேறு கரைகள். பிற்கால ஆய்வாளர்கள் அந்தக் 'கடற்படை'யைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

தொல்லியல் இன்று சொல்வது ஏறக்குறைய 1250க்கும் 1300க்கும் இடைப்பட்ட காலம். கண்ணால் பார்க்கச் சான்று கேட்டால் ஒன்று இருக்கிறது. 2012இல் தென்தீவின் வடமேற்குக் கரையில், அனவெக்கா கழிமுகத்துக்குப் பக்கத்தில், மணலுக்குள்ளிருந்து ஆறு மீட்டர் நீளப் படகுப் பலகை ஒன்று வெளிப்பட்டது. காலம் சுமார் 1400. அதில் ஒரு கடலாமை செதுக்கப்பட்டிருந்தது. ஆமை பொலினீசியத் தீவுகளின் கலையில் சாதாரணம், மாவோரிச் செதுக்கலில் மிக அபூர்வம். அந்த ஒற்றை ஆமை பழைய ஊரின் ஞாபகத்தோடு இங்கே வந்து ஒதுங்கியிருக்கிறது.

"திசைகாட்டி இல்ல, வரைபடம் இல்ல. காத்து அடிச்சு ஒதுங்கினதுதானே? அதுக்கு எதுக்கு சிலை?"

இதை நம்மவர்கள் மட்டும் கேட்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வெள்ளைக்கார அறிஞர்கள் சிலரும் கேட்டார்கள். பதிலைக் கடலில்தான் சொன்னார்கள். ஹவாயில் கட்டிய ஹோக்கூலேயா என்ற இரட்டைப் படகு, 1976இல் கருவிகள் எதுவும் இல்லாமல் தஹித்தி வரை போய்ச் சேர்ந்தது. வழிகாட்டியவர் மைக்ரோனீசியாவின் சதவால் தீவைச் சேர்ந்த மௌ பியைலுக். அந்தக் கலம் 1985இல் நியூசிலாந்துக்கு வந்தது. அதைப் பார்த்து உந்தப்பட்டவர்களில் ஒருவர் ஹெக்கெனுகுமை பஸ்பி. பாலம் கட்டும் தொழில் செய்தவர். தெ ஔரெரெ என்ற கலத்தைக் கட்டி, 1992இல் அதில் குக் தீவுகளில் உள்ள ரரோத்தோங்காவுக்குப் போனார்கள். 2012இல் கிளம்பிய பயணத்தில் ஈஸ்டர் தீவு வரைக்கும் போனது அந்தக் கலம். பஸ்பி 2019இல் மறைந்தார்.

வட கோடியில் ஔரெரெ என்ற இடத்தில் அவர் நட்டுவைத்த நட்சத்திரத் திசைகாட்டி இருக்கிறது. புல்வெளியில் வட்டமாக 32 செதுக்குக் கம்பங்கள். நடுவில் நின்றால் நீங்கள்தான் படகு. ஒவ்வொரு கம்பமும் அடிவானத்தில் ஒரு 'வீடு'. எந்த நட்சத்திரம் எந்த வீட்டில் எழுந்து எந்த வீட்டில் இறங்குகிறது என்று மனப்பாடம் செய்வதுதான் படிப்பு. ஹாக்ஸ் பே பகுதியில், நேப்பியருக்குத் தெற்கே, கடலோரப் பூங்கா ஒன்றில் 2017இல் திறந்த ஆத்தெயா அ ரங்கியும் இதே மாதிரிதான். அதுவும் சிலை வட்டம் போலத் தெரியும் ஒரு வகுப்பறை. அங்கே பயிற்சி எடுத்துவிட்டுக் கடலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

என் மாமனார் அங்கே நின்று ஒவ்வொரு திசையாகக் காட்டி வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். நாகப்பட்டினத்துக்காரர். காற்றுக்குப் பெயர் வைத்துத் திசையை அறிந்தவர்களுக்கு நட்சத்திரத்துக்கு வீடு கட்டியவர்களைப் புரியவைக்க வேண்டியதில்லை. 2022 முதல் அரசு விடுமுறையாக இருக்கும் மதாரிக்கிப் பண்டிகையும் நமக்குத் தெரிந்த விண்மீன்கூட்டத்தின் பெயரில்தான். நாம் கார்த்திகை என்கிறோம்.

"படகு சரி. அதுல மொழியை எதுக்குச் சேக்கறாங்க? ரெண்டும் வேற வேறதானே?"

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. ஆண்டுகளை அடுக்கிப் பாருங்கள். 1913இல் மாவோரிப் பள்ளிக் குழந்தைகளில் 90 சதவீதம் பேர் தாய்மொழி பேசினார்கள். 1975இல் ஐந்து சதவீதம்கூடத் தேறவில்லை. பள்ளியில் ஆங்கிலம் மட்டும்தான். மீறிப் பேசினால் அடி விழுந்தது என்று முதியவர்கள் பலர் சொல்லிப் பதிவாகியிருக்கிறது. 1972 செப்டம்பர் 14 அன்று மொழிக்காக 30,000க்கு மேற்பட்ட கையெழுத்துகளோடு ஒரு மனு நாடாளுமன்றப் படிக்கு வந்தது. 1982இல் வெலிங்டனை அடுத்த வைனுயிஒமாத்தாவில் முதல் கோஹங்கா ரெஓ, அதாவது 'மொழிக்கூடு' என்னும் மழலையர் பள்ளி. 1987இல் தெ ரெஓ அரசு மொழியானது. நான் சற்று முன் சொன்ன கடற்பயண ஆண்டுகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1976, 1985, 1992. படகும் மொழியும் ஒரே தலைமுறையின் கையால், ஒரே காலத்தில் மீட்கப்பட்டவை. அதனால்தான் பொது இடங்களில் இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன.

மொழிக்குள்ளும் படகு ஊறிக் கிடக்கிறது. விமானத்துக்கு வக்கா ரெரெரங்கி, பறக்கும் படகு. போக்குவரத்துத் துறையின் மாவோரிப் பெயர் வக்கா கோத்தஹி, ஒரே படகு. தெ பப்பா தேசிய அருங்காட்சியகத்தில் மாவோரித் தலைமைப் பதவிக்குக் கைஹௌதூ என்று பெயர். துடுப்புப் போடுகிறவர்களுக்குத் தாளம் சொல்லி நடத்துபவர் என்று பொருள். வெலிங்டன் மாநகராட்சி 2018இல் மொழிக் கொள்கை ஒன்றை ஏற்றது. 2040க்குள் இது தெ ரெஓ பேசும் தலைநகராக வேண்டும் என்பது இலக்கு. அந்தக் கொள்கையின் பெயர் தெ தௌயிஹு. படகின் முன்தலை, நம் மீனவர் வாக்கில் அணியம். பிள்ளைகளைக் கரைசேர்த்துவிட்டோம் என்று நாம் சொல்லும்போது கடலை நினைப்பதில்லை. இவர்கள் அணியம் என்று சொல்லும்போது கடலை நினைத்தே சொல்கிறார்கள்.

"நூத்துல நாலு பேர் பேசற மொழிக்கு ஊர் பூரா பலகையா?"

2023 கணக்கெடுப்பில் பேசத் தெரிந்தவர்கள் 2 லட்சத்து 13 ஆயிரம் சொச்சம். நாட்டில் 4.3 சதவீதம். எண்ணிக்கை சரிதான், கணக்குதான் தலைகீழ். நிறையப் பேர் பேசுகிற மொழிக்குப் பலகை தேவைப்படுவதில்லை, அது தானாகக் காதில் விழும். வீட்டில் கேட்க வாய்ப்பில்லாத பிள்ளை எங்கே பார்க்கும்? பேருந்து நிறுத்தத்தில், நூலக வாசலில், பாலத்துக் கைப்பிடியில்தான்.

மெல்பர்னிலோ டொரொன்டோவிலோ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டு விடுகிற யாரிடமும் இதை நான் விளக்கியதில்லை. அவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

"எழுத்து மேல ஒரு கோடு போட்டிருக்கே, அது அலங்காரமா?"

நெடில். அவ்வளவுதான். தெ ரெஓவில் அ, இ, உ, எ, ஒ என்று ஐந்து உயிர், ஒவ்வொன்றுக்கும் குறில் நெடில் உண்டு. ரோமன் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லாததால் மேலே கோடு. படம், பாடம் வித்தியாசம் தெரிந்த நமக்கு இது ஒரு நிமிடப் பாடம். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள்தான் திணறுகிறார்கள்.

கோட்டை விட்டால் என்ன ஆகும்? 'கெகெ' என்றால் கேக். 'கேகே' என்றால் அக்குள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு விடைபெறும் விழாவில், எல்லார் முன்னாலும் "அக்குள் மிக அருமை" என்று நான் பாராட்டியிருக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் கொடுமை. 'வேதா' இங்கே புகழ்பெற்ற பெரிய பூச்சி. 'வெத' என்றால் மலம். வெண்கலத்தில் எழுத்தை வார்க்கும் முன் யாரையாவது கேட்டுக்கொள்வது நல்லது.

நமக்குள்ள இன்னொரு வசதி: ங. ஆங்கிலேயர் சொல்லின் முதலில் இந்த ஒலியைச் சொல்ல முடியாமல் ந என்றாக்கிவிடுவார்கள். 'இங்ஙனம்' சொல்லத் தெரிந்தவருக்குக் கொஞ்சம் பழகினால் வந்துவிடும்.

"அவங்க மொழியிலயும் நாம், நாங்கள்னு ரெண்டு இருக்காமே?"

இருக்கிறது. 'தாதோவு' என்றால் கேட்பவரையும் சேர்த்த நாம். 'மாதோவு' என்றால் உங்களை நீக்கிய நாங்கள். இரண்டே பேர் என்றால் அதற்குத் தனிச் சொற்கள் வேறு, தாஉவா, மாஉவா. உறவு எதுவும் இல்லாத இரண்டு மொழிகள், ஆனால் இதில் ஆங்கிலத்தைவிட நமக்கு நெருக்கம்.

பொதுக் கலைக்கு இது பெரிய விஷயம். ஒரு கம்பத்தின் கீழ் 'நம் முன்னோர்' என்று எழுதுவதா, 'எங்கள் முன்னோர்' என்று எழுதுவதா? ஆங்கில வாசகம் இரண்டையும் ஒரே சொல்லில் மறைத்துவிடும். தெ ரெஓ வாசகம் மறைக்க முடியாது. அடுத்த முறை ஒரு பலகையைப் பார்க்கும்போது எந்தச் சொல் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். உங்களை உள்ளே கூப்பிடுகிறார்களா, வாசலில் நிறுத்தி மரியாதையாகச் சொல்கிறார்களா என்று தெரிந்துவிடும். இரண்டும் நியாயம்தான்.

"படகு முன்னாடி நாக்கை நீட்டிக்கிட்டு முறைக்குதே, சாமியா?"

போர்ப்படகின் தௌயிஹுவில் நாக்கை நீட்டிய முகம் வைப்பது வழக்கம். எதிராளிக்குச் சவால் அது. நம் வீட்டுத் திருஷ்டிப் பூசணியோடு ஒப்பிட்டு என் சித்தி திருப்தியடைந்தார். நான் மறுக்கவில்லை, ஆனால் அது முழு விடை இல்லை. முகத்துக்குப் பின்னால் ஓடும் சுருள் வேலையைப் பாருங்கள். மரத்தை ஊடுருவிக் குடைந்து, வெளிச்சம் மறுபக்கம் தெரியும்படி செதுக்கியிருப்பார்கள். கண்ணில் பதித்திருப்பது பாஉவா சிப்பி. நீலமும் பச்சையுமாக, நாம் நகர நகர நிறம் மாறும். செதுக்குவோர் இதை அலங்காரம் என்பதைவிட எழுத்து என்றே சொல்ல விரும்புவார்கள். யார் வம்சம், எந்தச் சம்பவம் என்று படிக்கத் தெரிந்தவர் படிப்பார்.

"தொடலாமா? ஏறி நின்னு போட்டோ எடுக்கலாமா?"

துறைமுக ஓரச் சிலைகளைத் தொடலாம், குழந்தைகள் தொட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஏறி நிற்காதீர்கள். தலைமேல் கை வைக்காதீர்கள், மாவோரி மரபில் தலை புனிதம். செதுக்கு வேலைக்குப் பக்கத்தில் சாப்பாட்டைப் பரப்பாதீர்கள். கோயில் தேரில் சாய்ந்துகொண்டு பிரியாணி சாப்பிடுவீர்களா? அதேதான்.

"குப்பே சிலையைச் செஞ்சது வெள்ளைக்காரராமே? அப்ப அது மாவோரிக் கலை எப்படி ஆகும்?"

ஆகாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் பாதியை நான் ஏற்கிறேன். செய்தவர் வில்லியம் ட்ரெதெவி. மாவோரித் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் 1840இல் வைதாங்கியில் செய்த ஒப்பந்தத்தின் நூற்றாண்டைக் கொண்டாட 1939, 40இல் வெலிங்டனில் நடந்த பெரிய கண்காட்சிக்காக வெறும் பிளாஸ்டரில் செய்தார். உடல் வாகு, நிற்கும் தோரணை எல்லாம் ஐரோப்பிய வீரச் சிலைகளின் சாயல். அதே ட்ரெதெவிதான் கிரைஸ்ட்சர்ச்சில் 1932இல் ஆங்கிலேய மாலுமி கேப்டன் குக்கின் சிலையையும் வடித்தவர். ஒரே உளி இருவரையும் 'கண்டுபிடித்தவர்' ஆக்கியது.

கண்காட்சி முடிந்த பிறகு அந்தப் பிளாஸ்டர் சிலை ரயில் நிலையம் உட்பட இடம் மாறி மாறி இருந்து, பிறகு வெண்கலத்தில் வார்க்கப்பட்டு, 2000ஆம் ஆண்டுவாக்கில் இந்தக் கரைக்கு வந்தது. மீதிப் பாதியை ஏன் ஏற்கவில்லை என்றால், இடம். 2011இல் பக்கத்தில் தெ ரௌகுரா எழுந்தது, உள்ளூர்க் குலத்தாரின் வக்கா இல்லம். கூரையே போர்த்திய மேலங்கி போல மடிந்திருக்கும். உள்ளே படகுகள். முன்னால் உள்ள குளத்துக்கு 2015இல் ஃபைரெப்போ என்று பெயர் வைத்தார்கள், ஒரு வகைத் திருக்கை மீன். கோடை மாலையில் பலகைப் பாதையில் குனிந்து பார்த்தால், யாரோ தண்ணீருக்கடியில் முறத்தை மெல்ல ஆட்டுவது போல அவை வந்து போகும். அந்தச் சூழலில் குப்பே ஒருமாதிரி வீடு வந்து சேர்ந்துவிட்டார். சிலை அதேதான், அர்த்தம் அதே இல்லை.

"கிஸ்போர்ன்ல குக் சிலையை எடுத்துட்டாங்களாமே? பழிவாங்கறதா?"

கிஸ்போர்ன் வடதீவின் கிழக்குக் கரை ஊர். அங்கே எடுத்தது 1969இல் மலைமேல் வைத்த ஒரு சிலையை. அதன் முகமும் உடுப்பும் குக்குடையதே அல்ல என்று ஊரே கேலி செய்த சிலை. 2019இல் அது அருங்காட்சியகத்துக்குப் போனது. கடற்கரையில் இன்னொரு குக் சிலை இன்றும் நிற்கிறது. எனவே 'அழித்துவிட்டார்கள்' என்பது சரியில்லை.

1769 அக்டோபரில் குக்கின் ஆட்கள் அந்த ஊரில் கரையிறங்கிய முதல் நாளே தெ மாரோ என்ற தலைவர் சுடப்பட்டு இறந்தார். அடுத்த சில நாட்களுக்குள் மேலும் பலர். இருநூற்றைம்பது ஆண்டுகள் அந்த ஊரில் தெ மாரோவுக்கு ஒரு நினைவுச் சின்னம் இல்லை. 2019இல் நிக் துப்பாராவின் வடிவமைப்பில் அது வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டிஷ் தூதர் நேரில் வந்து வருத்தம் தெரிவித்தார். வருத்தம்தான், மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. மொழியில் நுணுக்கம் பார்க்கும் நமக்கு அந்த வித்தியாசம் புரியும்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் குக் அல்ல, அவர் கப்பலில் வந்த துபையா. தஹித்திக்கு அருகிலுள்ள ரையாத்தேயா தீவின் பூசாரி, மாலுமி. அவர் தன் மொழியில் பேச, கரையிலிருந்த மாவோரிகளுக்குப் புரிந்தது. நூற்றாண்டுகளாகக் கடல் பிரித்து வைத்திருந்த உறவுக்காரர்கள் அன்று பேசிக்கொண்டார்கள். ஊர் திரும்பாமலே 1770இல் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இறந்தார். கப்பலுக்கு அவர் கொடுத்ததை நினைத்தால் அவர் பெயரில் இருக்கும் சிலைகள் குறைவு.

ஆக்லாந்துக்குப் போனால் குவீன்ஸ் துறையில் மைக்கேல் பரெகோஃபை 2017இல் வைத்த 'கலங்கரை விளக்கம்' படைப்பைப் பாருங்கள். வெளியே பார்த்தால் அரசு கட்டித்தந்த சாதாரண வீடு. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால் பளபளக்கும் எஃகில் குக் தனியாகக் குந்தியிருக்கிறார், கால் தரையில் படவில்லை. சுவரெல்லாம் நியான் விளக்கில் நட்சத்திரங்கள். எந்தப் பலகையும் விளக்காததை அந்த உட்காரும் விதம் விளக்கிவிடுகிறது. இரவில் போங்கள்.

"இங்க எல்லாருக்கும் இது பிடிச்சிருக்கா? சும்மா சொல்லாதே."

இல்லை. 2023 இறுதியில் வந்த கூட்டணி அரசு, துறைகளின் பெயரில் ஆங்கிலம் முதலில் வர வேண்டும் என்றது. மேலே சொன்ன வக்கா கோத்தஹியும் பின்னுக்குப் போனது. இருமொழிச் சாலைப் பலகைகள் தேர்தல் மேடைப் பேச்சாகவே ஆகின. மாவோரிகளிலும் வேறு கோணத்தில் குறை சொல்பவர்கள் உண்டு. கம்பம் நடப் பணம் இருக்கிறது, மொழி ஆசிரியருக்கு இல்லையா என்று கேட்பார்கள். எனக்கு முதல் எதிர்ப்பைவிட இரண்டாவதுதான் உறைக்கிறது.

"அந்த மரப்பாலத்தை இடிக்கப் போறாங்களாமே?"

நகரச் சதுக்கத்தையும் கடலையும் இணைக்கும் பாலம், 1990களில் வந்தது. மேலே பராத்தெனெ மாட்சிட் செய்த பறவைகளும் கடல் உயிர்களும் கனத்த மரத்தில் இருக்கின்றன. நிலநடுக்கத்தைத் தாங்காது என்று 2024இல் மாநகராட்சி இடிக்க வாக்களித்தது. கலை ஆர்வலர்கள் எதிர்த்து நீதிமன்றம் வரை போனார்கள். செதுக்கு வேலைகளைக் கழற்றிக் காப்பாற்றலாம். ஆனால் கடலைப் பார்த்து ஏறி இறங்குவதற்கென்றே செய்த ஒன்றை எடுத்துக் கிடங்கில் வைத்தால் அது பாதி உயிர்தான்.

"தமிழ் எழுத்து போட்ட மணி இங்க கெடைச்சுதாமே? அப்ப நாமதானே முதல்ல வந்தோம்?"

எல்லாரும் கடைசியில் இங்கேதான் வருவார்கள். மணி உண்மை. வெண்கலம், உள்ளங்கையில் அடங்குவதைவிடச் சற்றுப் பெரிது, விளிம்பு உடைந்தது. 1830களில் வில்லியம் கொலென்சோ என்ற மதபோதகர் வடக்கே ஒரு மாவோரிக் குடியிருப்பில் அதைக் கண்டார். பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். சுற்றி ஓடும் எழுத்து தமிழ். முகைதீன் பக்ஸ் கப்பலின் மணி என்ற பொருளில் படிக்கிறார்கள். இப்போது தெ பப்பாவின் சேகரிப்பில் இருக்கிறது.

அது சொல்வது, ஒரு தமிழ் முஸ்லிம் கப்பல்காரரோடு தொடர்புள்ள மணி எப்படியோ இங்கே வந்து சேர்ந்தது என்பதை மட்டும். கப்பலே வந்ததா, கைவிடப்பட்டு மிதந்து வந்ததா, ஐரோப்பியக் கப்பல் எதிலாவது ஏறி வந்ததா என்று அந்த வெண்கலம் சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டு குப்பேயைத் தமிழராக்குவது அயோத்தி வாட்ஸாப் வகை. நம் மரக்காயர்களின் கடல் வணிகத்தைப் பெருமைப்பட இந்த மணியே போதும், அடுத்தவர் மூதாதையைப் பிடுங்க வேண்டியதில்லை. காட்சியில் வைத்திருக்கிறார்களா என்று போகும் முன் அருங்காட்சியகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"சிலை, கம்பமெல்லாம் போதும். உண்மையான வக்கா தண்ணில ஓடறத எப்ப பாக்கலாம்?"

பிப்ரவரி 6, வைதாங்கி. 1840 ஒப்பந்தம் கையெழுத்தான நாளும் இடமும். வட தீவின் வடக்குப் பகுதியில் அன்று ங்கா தோக்கி மதஃபௌருவாவை இறக்குவார்கள். 1940 நூற்றாண்டுக்காக மூன்று கௌரி மரங்களிலிருந்து குடைந்தது, 35 மீட்டருக்கு மேல் நீளம். உலர்ந்திருக்கும்போது ஆறு டன், நீர் குடித்தபின் பன்னிரண்டு. பெயரைக் கவனியுங்கள், குப்பேயின் படகு மதஃபௌருவா என்பது மரபு, அதைச் செதுக்கித் திருத்திய கைக்கோடரிகள் தோக்கி.

முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள், விடியலுக்கு முன் நிகழ்ச்சிகள் தொடங்கிவிடும், காலையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே வெயில் தோலைச் சுடும். கரையில் துடுப்புக்காரர்கள் சத்தத்துக்கு முன்னால் தாளம் சொல்லும் ஒரு குரல் கேட்கும், அவர்தான் மேலே சொன்ன கைஹௌதூ.